புதிதாக வார்டுக்கு வரும் செவிலியருக்கு: மன அழுத்தத்தை எந்த முனையிலிருந்து பிடிப்பது?

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் ஆனதும் புதிய செவிலியர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை ஏறக்குறைய ஒன்றுதான்: மூச்சுப் பயிற்சி செய், தியானம் செய், தண்ணீர் நிறையக் குடி, நல்லதையே நினை. இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் ஒரு ஷிஃப்ட் முழுக்க பாத்ரூம் பக்கமே போக முடியாமல் ஓடியவரிடம் போய் தண்ணீர் நிறையக் குடி என்றால் அவருக்கு எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சல் நியாயமானது.

நான் சொல்லப்போவது வேறு வரிசை. உடல்நலத்தைத் தீர்மானிக்கும் சமூகக் காரணிகள் என்று படிப்பில் ஒரு பாடம் வந்திருக்கும். பரீட்சைக்காக ஐந்து தலைப்புகளை மனப்பாடம் செய்துவிட்டு அப்புறம் மறந்திருப்பீர்கள். அதைத் தூசி தட்டி எடுத்து, முதலில் உங்கள் நோயாளிக்கும் பிறகு உங்களுக்கும் போட்டுப் பாருங்கள். அழுத்தத்தில் எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு உங்கள் மேல் ஏற்றி வைக்கப்பட்டது என்று பிரித்துப் பார்க்க அதைவிட உருப்படியான வழி எனக்குத் தெரியவில்லை. மூச்சுப் பயிற்சி கடைசியில் வரட்டும்.

அந்தப் பாடம் சொல்வது என்ன

உலக சுகாதார நிறுவனம் 2005இல் பிரிட்டிஷ் பொதுச் சுகாதார ஆய்வாளர் மைக்கேல் மார்மட் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. அதன் அறிக்கை 2008இல் வந்தது. ஒருவர் பிறந்து வளரும் வீடு, படிப்பு, வேலை, வருமானம், குடியிருக்கும் இடம், சுற்றியிருக்கும் மனிதர்கள் இவையெல்லாம் சேர்ந்துதான் அவருக்கு என்ன நோய் வரும், வந்தால் எப்படிக் குணமாகும் என்பதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்பதே அதன் சாரம். ஆரோக்கிய விளைவுகளில் 30 முதல் 55 சதவீதம் வரை இந்தக் காரணிகளால் வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன என்று அதே நிறுவனம் சொல்கிறது. நாம் வார்டில் கொடுக்கும் மருந்தும் கட்டும் ஊசியும் மீதியில் ஒரு பங்கு, அவ்வளவுதான். இது மனதைச் சோர வைக்கும் செய்தி இல்லை. நோயாளி திரும்பத் திரும்ப வந்து சேர்வதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை என்று சொல்லும் செய்தி.

மார்மட் பெயர் வந்ததால் ஒயிட்ஹால் ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நேராக நம்மிடம் வருகிறது. 1967இல் பிரிட்டனின் அரசு அலுவலர்களிடம் தொடங்கிய ஆய்வு அது. எல்லோருக்கும் நிரந்தர வேலை, மேசை உத்தியோகம், எல்லோருக்கும் ஒரே இலவச மருத்துவம். ஆனாலும் அடிமட்டப் பதவியில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உச்சப் பதவியில் இருந்தவர்களைப் போல மூன்று மடங்கு இருந்தது. புகை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இதய நோயில் அந்த வித்தியாசம் முழுதாகப் போகவில்லை. 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் ஒரு காரணம் தெளிவாகத் தெரிந்தது: தன் வேலையின் மேல் தனக்குக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம். வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் காரசெக் 1979இலேயே இதை வேறு மாதிரி சொல்லியிருந்தார்: வேலைப் பளு மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை, பளு அதிகமாகவும் முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் ஆள் சாய்கிறார். பொறுப்பு மலையளவு, அதிகாரம் கடுகளவு. எந்த வேலையைச் சொல்கிறார் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதல் படி: டிஸ்சார்ஜ் நேரத்தில் நாலு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்

மன அழுத்தத்தைப் பற்றிப் பேசவந்து நோயாளியிடம் போகிறேனே என்று நினைக்காதீர்கள். புதியவர்களை உள்ளுக்குள் அரிப்பது வேலை கூடுதல் என்பது மட்டுமில்லை, செய்த வேலை வீணாகிறது என்ற எண்ணமும்தான். இவ்வளவு சொல்லி அனுப்பினேன், பதினைந்தே நாளில் அதே புண்ணோடு வந்து நிற்கிறார் பாருங்கள் என்ற கோபம்.

சர்க்கரை நோயால் காலில் புண் வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். புண் ஆறி வருகிறது, இன்சுலின் எழுதியாகிவிட்டது, கேஸ் ஷீட் மூடத் தயாராக இருக்கிறது. வழக்கமாக நாம் சொல்வது: இன்சுலினை இரண்டு வேளையும் தவறாமல் போடுங்கள், காலைத் தரையில் ஊன்றாதீர்கள், பத்து நாள் கழித்து வந்து காட்டுங்கள். அவரும் தலையாட்டுவார். இப்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா? ஊசி போட்டுவிட யார் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கண் நன்றாகத் தெரியுமா? வேலைக்குப் போகாமல் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பீர்கள்? இங்கே திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும், யார் கூட்டி வருவார்கள்?

பதில்கள் வரும்போதுதான் படம் முழுதாகும். ஃபிரிட்ஜ் இல்லை, நாள் முழுக்க நின்று செய்யும் வேலை, ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை, சீட்டில் இருப்பதைப் படிக்கத் தெரியாது, ஆனால் அதைச் சொல்ல வெட்கம். இவரைத்தான் நாம் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று எழுதி வைக்கிறோம். ஃபிரிட்ஜ் இல்லை என்று தெரிந்துவிட்டால் செய்வதற்கு வேலை இருக்கிறது: திறந்த இன்சுலின் குப்பி பெரும்பாலும் கடும் வெயில் படாத அறை வெப்பத்தில் சுமார் 28 நாள் தாங்கும், ஆகவே ஒரு நேரத்தில் ஒரு குப்பி மட்டும் வாங்கச் சொல்லலாம், எந்த வகைக்கு எத்தனை நாள் என்பதை மருந்தாளுநரிடம் உறுதி செய்துகொள்ளலாம். படிக்கத் தெரியாது என்றால் சூரியன், நிலா படம் போட்டுக் கொடுக்கலாம். கூலி போய்விடும் என்றால் மருத்துவச் சமூகப் பணியாளரிடம் அனுப்பலாம், மறுவருகைத் தேதியை அவர் விடுமுறை நாளோடு பொருத்தலாம்.

அப்புறம் 'புரிந்ததா?' என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். 'நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், வீட்டில் போய் என்ன செய்வீர்கள் என்று எனக்கு ஒருமுறை சொல்லுங்கள்' என்று கேளுங்கள். சோதனை உங்களுக்கு, அவருக்கு இல்லை என்ற தொனி முக்கியம்.

கேஸ் ஷீட்டில் எழுதும்போது 'மருந்து எடுக்கவில்லை' என்று நிறுத்தாமல் ஏன் எடுக்கவில்லை என்பதையும் ஒரு வரி சேருங்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவர் அவரைத் திட்டுவதற்குப் பதில் வேறு வழி யோசிப்பார். உங்கள் கோபமும் பாதியாகக் குறையும், ஏனென்றால் காரணம் தெரிந்த இடத்தில் கோபம் நிற்பது கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. இப்படிக் கேட்க ஆரம்பித்தால் உங்களால் தீர்க்க முடியாதவை நிறைய வெளியே வரும். கடன், அடி, தனிமை. செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும் சூழல் செய்ய விடாதபோது வரும் வேதனையை தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் 1984இல் அறம் சார்ந்த மன உளைச்சல் என்று அடையாளம் காட்டினார். அவர் பேசியதே செவிலியர்களைப் பற்றித்தான். அதற்கு மருந்து, எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொள்வது இல்லை. உங்கள் மருத்துவமனையில் யார் எதற்குப் பொறுப்பு, சமூகப் பணியாளர் எங்கே இருப்பார், வீட்டு வன்முறை என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று முதல் மாதத்திலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டது, எழுதியது, சரியான ஆளிடம் சேர்த்தது. இந்த மூன்றும் முடிந்தால் உங்கள் பங்கு முடிந்தது.

இரண்டாவது: உங்களுக்கு ஒரு கேஸ் ஷீட் எழுதுங்கள்

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆஃப் கிடைக்கும் நாளில் ஒரு தாளை எடுத்து உங்களையே நோயாளியாக வைத்து எழுதுங்கள். சம்பளத்தில் கடனுக்குப் போவது எவ்வளவு, மீதி எவ்வளவு? வேலைக்குப் போய்வர எத்தனை மணி நேரம் போகிறது? தூங்கும் அறையில் வேறு யார் இருக்கிறார்கள், பகலில் அங்கே இருட்டும் அமைதியும் கிடைக்குமா? வீட்டுக்குப் போனதும் இன்னொரு ஷிஃப்ட் காத்திருக்கிறதா, குழந்தை, முதியவர், சமையல்? மனம் விட்டுப் பேச ஓர் ஆள் இருக்கிறாரா? அடுத்த வார டியூட்டி என்ன என்று எப்போது தெரியவரும், அதில் உங்கள் பேச்சு எடுபடுமா?

எழுதி முடித்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஒருவருக்குப் பயண நேரம், இன்னொருவருக்குக் கடன், மற்றவருக்குக் காலையில் வீடு திரும்பினால் தூங்கவே விடாத குடும்பம். எதைத் தொட்டால் மற்றவை கொஞ்சம் இளகும் என்று பாருங்கள். எனக்கு மனபலம் போதாது என்று நினைத்துக்கொண்டிருந்த பலருக்கும் குறை தூக்கத்தில்தான் இருக்கும். ஆகவே அங்கேயே போவோம்.

மூன்றாவது: நைட் டியூட்டியை உடலோடு பேசி முடிவு செய்யுங்கள்

பெரியவர்களுக்கு ஒரு நாளில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். நைட் டியூட்டியில் இருப்பவருக்கும் அதே கணக்குதான், 'பகலில் நாலு மணி நேரம் போதும், பழகிடுச்சு' என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிலைக்கு இறங்குவதாக 1997இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. காலையில் எழுந்து வீட்டு வேலை பார்த்துவிட்டு, தூங்காமலேயே இரவு டியூட்டிக்கு வருகிறவர் நள்ளிரவுக்கெல்லாம் அந்த நிலையைத் தொட்டுவிடுவார். மருந்து அளவு கணக்குப் போடும் வேலை மீதி இருக்கிறது.

முதல் நைட்டுக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரமாவது படுத்துவிடுங்கள், தூக்கம் வராவிட்டாலும் இருட்டில் கண்ணை மூடிக் கிடங்கள். காபி, டீ ஷிஃப்டின் முன்பாதியோடு போதும். உள்ளே போன காஃபினில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். நாலு மணிக்குக் குடிக்கிற காபி ஒன்பது மணிக்குப் படுக்கையில் வந்து எழுப்பும். இடைவேளையில் கண்ணயர முடிந்தால் 15, 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அதைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழும்போது தலை கனத்து நிற்கும். மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் உடல் வெப்பமும் விழிப்பும் மிகக் கீழே இறங்கும் நேரம். அந்த நேரத்தில் கொடுக்க வேண்டிய, சிறு பிழையும் பெரிய கேடாகிவிடும் உயர் ஆபத்து மருந்துகளை இன்னொருவரைக் கூப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், கூப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

வீட்டுக்குப் போவதில்தான் பலரும் கவனம் விடுகிறார்கள். கண் சொக்கினால் வண்டி எடுக்காதீர்கள். வார்டிலேயே இருபது நிமிடம் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டுக் கிளம்பினாலும் பரவாயில்லை. வீட்டில் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள், ஃபோனை அமைதியில் போடுங்கள், ஜன்னலுக்குக் கனத்த துணி. உறவினர்களிடம் 'பகலில் சும்மாதானே இருக்கே' என்ற பேச்சை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்; அப்புறம் முடிக்க முடியாது.

இன்னொன்று. இரவு ஷிஃப்ட் வேலையைப் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்தது, 2019இல் மறுபடி ஆராய்ந்து அதை உறுதி செய்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, ரோஸ்டர், அதாவது டியூட்டி அட்டவணை, பேசும்போது கையில் இருக்கட்டும் என்று சொல்கிறேன். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும் ரோஸ்டர் பின்னோக்கிச் சுழல்வதைவிட உடலுக்கு எளிது. இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் 11 மணி நேர ஓய்வு என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டமாகவே இருக்கிறது. மாலை டியூட்டி முடித்து மறுநாள் காலை டியூட்டிக்கு வரச் சொல்வது எங்கும் வழக்கமாக இருக்கலாம், அதனால் அது சரியாகிவிடாது.

உடம்பைப் பற்றி வேகமாக இரண்டு விஷயம். ஒத்துழைக்கக்கூடிய நோயாளியைக் கையால் தூக்குவதற்கே சுமார் 16 கிலோவை எல்லையாக வைக்கலாம் என்பது அமெரிக்காவில் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. ஒரு பெரியவரின் ஒரு காலும் இடுப்பும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். தனியாகத் தூக்காதீர்கள், முதுகு போனால் வேலையும் போகும். அப்புறம், சிறுநீரை அடக்காதீர்கள்.

நான்காவது: பளுவைக் கணக்காகச் சொல்லப் பழகுங்கள்

அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒவ்வொரு செவிலியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு செவிலியருக்கு நோயாளி ஒருவர் கூடும்போது, அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. செவிலியர் எரிந்துபோகும் (பர்ன்அவுட், அதாவது வேலை அழுத்தத்தால் உள்ளுக்குள் வற்றிப்போகும்) வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. உங்கள் களைப்பும் நோயாளியின் ஆபத்தும் ஒரே கணக்கில்தான் ஓடுகின்றன. ஆகவே 'எனக்கு முடியவில்லை' என்று நீங்கள் சொல்வது புலம்பல் இல்லை, பாதுகாப்புத் தகவல்.

ஆனால் அதைத் தகவல் போலச் சொல்ல வேண்டும். மருத்துவருக்கு ஃபோனில் நோயாளி நிலையைச் சொல்ல எஸ்பார் முறை படித்திருப்பீர்கள்: சூழ்நிலை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளிலிருந்து மருத்துவமனைக்கு வந்த முறை அது. அதையே உங்கள் பளுவுக்கும் பயன்படுத்துங்கள். 'சிஸ்டர், ஓடி ஓடிச் செத்துட்டேன், யாரும் உதவி பண்ண மாட்டேங்கிறாங்க' என்று சொன்னால் இன்சார்ஜ் காதில் அது தினமும் கேட்கிற பாட்டு. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

'சிஸ்டர், என்கிட்ட இப்ப 12 பேர். அதுல ரெண்டு பேர் இன்னைக்கு அறுவை முடிஞ்சு வந்தவங்க, ஒருத்தருக்கு ரத்தம் ஏறிட்டிருக்கு. 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டியவரை என்னால அப்படிப் பார்க்க முடியல. 6, 9 ரெண்டு படுக்கையையும் ஒரு மணி நேரம் வேற யாராவது பார்த்தா நான் சமாளிச்சுருவேன்.'

கேட்பது சின்னது, எல்லை உள்ளது, காரணம் நோயாளி. பெரும்பாலும் ஏதாவது கிடைக்கும். கிடைக்காவிட்டால் நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும், யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்று. இதே விதி வசவுக்கும் அடிக்கும் பொருந்தும். மருத்துவப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் வேலைக் காலத்தில் எப்போதாவது உடல்ரீதியான தாக்குதலுக்கு ஆளாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 'நோயாளியின் ஆள்தானே, வருத்தத்தில் கை வைத்துவிட்டார்' என்று மூத்தவர்கள் சமாதானம் சொல்வார்கள். வருத்தம் புரிகிறது, சம்பவப் படிவத்தையும் நிரப்புங்கள்.

ஐந்தாவது: எரிந்துபோகும் அறிகுறிகள்

உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் சூசன் ஜாக்சனோடு உருவாக்கிய அளவுகோல் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. உள்ளுக்குள் ஒன்றும் மிச்சமில்லாத களைப்பு. நோயாளியை ஆளாகப் பார்க்காமல் படுக்கை எண்ணாகப் பார்ப்பது. நான் செய்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்ற எண்ணம். இரண்டாவது அறிகுறி நமக்கே தெரியாமல் வருவது. 'அந்த 14ஆம் நம்பர் மறுபடி பெல் அடிக்குது' என்று சொல்லும்போது குரலில் வெறுப்பு ஏறியிருக்கிறதா என்று ஒரு நம்பிக்கையான தோழரைக் கவனிக்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடு இந்த நிலையை நோய் என்று சேர்க்கவில்லை, சமாளிக்கப்படாத பணியிட அழுத்தத்தால் வரும் தொழில்சார் நிகழ்வு என்றுதான் சேர்த்திருக்கிறது. வேர் எங்கே என்பதை அந்த வரையறையே சொல்லிவிடுகிறது.

ஆனால் எல்லாவற்றையும் வேலைமேல் போட்டுவிடவும் கூடாது. சில நாள் லீவில் இருந்தும் மனம் தேறவில்லை, பிடித்த எதிலும் ஈடுபாடில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, இப்படி இரண்டு வாரம் தொடர்கிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் பார்க்க வேண்டியதில்லை, அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். வார்டு ஸ்டாக்கில் கை நீளும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காகத் தூக்க மாத்திரையையோ வலி ஊசியையோ நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் தொழிலில் சத்தமில்லாமல் ஆளை விழுங்குவது அதுதான்.

உங்கள் கையால் பிழை நடந்தாலோ, நீங்கள் பார்த்த குழந்தை இறந்தாலோ, அன்றைக்கு நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். பிழையில் பாதிக்கப்படும் மருத்துவப் பணியாளரை இரண்டாவது பாதிக்கப்பட்டவர் என்று அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000இல் எழுதினார். நோயாளிக்குச் செய்ய வேண்டியதைச் செய்து, தகவல் சொல்லி, படிவம் எழுதியதும், அந்த ஷிஃப்டில் கூட இருந்த ஒருவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து நடந்ததை நடந்த வரிசையில் பேசுங்கள். அறிவுரை கேட்க இல்லை. வீட்டில் உள்ளவர்களுக்கு அந்த அறை எப்படி இருந்தது என்று தெரியாது, அவருக்குத் தெரியும்.

மூச்சுப் பயிற்சி, நடை, பாட்டு எல்லாம் இப்போது வரலாம். எது பிடிக்கிறதோ அது. இதில் எனக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

வேலையை விட்டுவிடலாமா என்ற கேள்வி

முதல் வருடத்தில் இது வராதவர் குறைவு. செவிலிய ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974இலேயே படிப்பிலிருந்து பணிக்கு வரும் செவிலியர்கள் வழக்கமாகக் கடக்கும் கட்டங்களை எழுதிவைத்தார்: முதலில் எல்லாம் அழகாகத் தெரியும், பிறகு அதிர்ச்சி, கொஞ்சம் கொஞ்சமாக மீட்சி, கடைசியில் ஒரு சமநிலை. அதிர்ச்சிக் கட்டத்தில் எடுக்கும் முடிவு அந்தக் கட்டத்துக்கான முடிவாகவே இருக்கும். தொடர் நைட் முடிந்த காலையில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள், இரண்டு இரவு ஒழுங்காகத் தூங்கிவிட்டு எழுதுங்கள். அப்போதும் கை போகிறது என்றால் முதலில் வார்டு மாற்றம் கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுத் திணறியவர்கள் டயாலிசிஸிலோ சமூக நலப் பணியிலோ நன்றாக ஊன்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையையே மாற்றுவதென்றால் நேர்காணலில் சம்பளத்தை மட்டும் கேட்காமல் இதையும் கேளுங்கள்: இரவில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி, ரோஸ்டர் எத்தனை நாள் முன்னால் போடுகிறீர்கள், புதியவரோடு எத்தனை வாரம் மூத்தவர் ஒருவர் கூட நிற்பார், போன வருடம் இந்த வார்டிலிருந்து எத்தனை பேர் விலகினார்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்த வார்டில் வேலை செய்யும் ஒருவரைத் தேடிப்பிடித்துத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.